மேமோகிராம் வேன் வாங்கும் முன்

கேள்வி: நாங்கள் சென்னையில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பர்கள். எங்களில் ஒருவரின் அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்துவிட்டார். உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். கண்டுபிடிக்கும்போதே நோய் முற்றியிருந்தது. அவர் நினைவாகப் பணம் திரட்டி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களுக்குப் போய்ப் பரிசோதிக்கும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வேன் ஒன்றை வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம். இது உண்மையிலேயே பயன்படுமா? எப்படிச் செய்வது?

பதில்:

பயன்படும். ஆனால் திரட்டுகிற பணம் முழுவதையும் வண்டியிலும் மெஷினிலும் போட்டுவிட்டால் பயன்படாது. வேன் ஊரை விட்டுக் கிளம்பிய மறுநாளிலிருந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு முதலில் பணத்தை எடுத்து வையுங்கள். மிச்சத்தில் என்ன வண்டி வாங்க முடியுமோ அதை வாங்குங்கள். சென்னையில் மேமோகிராம் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டராகவும், சுற்றுவட்டாரக் கிராம முகாம்களுக்குப் போய் வருபவளாகவும் இதைச் சொல்கிறேன்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. நாற்பது வயதைத் தாண்டிய, எந்தத் தொந்தரவும் இல்லாத ஆயிரம் பெண்களுக்கு முதல் முறையாக மேமோகிராம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதிலிருந்து நூறு பேர் வரைக்கும் படத்தில் ஏதோ ஒரு சந்தேகம் இருக்கும். இன்னொரு கோணத்தில் படம் எடுக்க வேண்டும், அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டும், சிலருக்கு ஊசி மூலம் சிறிது திசு எடுத்து பயாப்ஸி செய்ய வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு புற்றுநோய் என்று உறுதியாவது ஒரு சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு நீர்க்கட்டியாக இருக்கும், நார்க்கட்டியாக இருக்கும், ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். அந்த ஒரு சிலரைக் காப்பாற்றத்தான் இத்தனை ஏற்பாடும். அவர்கள் யார் என்பதோ, அந்த ஐம்பது நூறு பேரும் மேல்பரிசோதனைக்கு வந்து சேர்ந்தால்தான் தெரியும்.

முகாம்கள் பெரும்பாலும் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். படம் எடுத்து இரண்டு வாரம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு ரிப்போர்ட் போகிறது. ‘மேற்கொண்டு பரிசோதனை தேவை’ என்பதை அந்த வீட்டில் யாரும் சரியாகப் படிப்பதில்லை. படித்தாலும், "எனக்கு வலியே இல்லையேம்மா, எதுக்கு மெட்ராஸ் வரைக்கும்?" என்று கேட்கிறார்கள். வலி இருந்தால்தான் நோய் என்பது கிராமத்தில் மட்டுமல்ல, சென்னையிலும் இருக்கிற நம்பிக்கை. மார்பகப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலியில்லாத கட்டிக்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். இதை வேன் ஏறும் முன்பே, ரிப்போர்ட் வரும் முன்பே, பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம், அவர் கிளம்பி வரத் தயாரானாலும் கூட வர ஆள் வேண்டும், ஒரு நாள் கூலி போகும், எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாளில் எந்த அறைக்குப் போவது என்று தெரியாது. "அவர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்பதோடு பல பெண்களின் சிகிச்சை ஆறு மாதம் தள்ளிப்போகிறது.

அதனால் உங்கள் குழுவின் முதல் செலவு ஒரு மனுஷியாக இருக்கட்டும். அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, படித்த, நாலு பேரிடம் கூச்சமில்லாமல் பேசத் தெரிந்த ஒரு பெண்ணை முழுநேரச் சம்பளத்தில் வையுங்கள். சந்தேகம் வந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போவது, மாமியாரிடமும் கணவரிடமும் பேசுவது, பஸ் ஏற்றிக் கூட்டிப் போவது, பயாப்ஸி முடிவு வரும்வரை விடாமல் தொடர்வது, இதுதான் அவர் வேலை. மார்பில் ஒரு பிரச்சினையோடு வருபவருக்கு 60 நாளுக்குள் என்ன நோய் என்று முடிவு சொல்லிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வைத்த இலக்குகளில் ஒன்று. நோய் உள்ளவர்களில் 60 சதவீதம் பேரையாவது முதல் இரண்டு நிலைகளில் பிடிக்க வேண்டும், 80 சதவீதம் பேரையாவது சிகிச்சையை முழுமையாக முடிக்க வைக்க வேண்டும் என்பவை மற்ற இரண்டும். உங்கள் வேனின் வெற்றியையும் இந்த மூன்றை வைத்தே அளந்து பாருங்கள். ‘இத்தனை ஆயிரம் பேரைப் பரிசோதித்தோம்’ என்ற ஒரே எண்ணை வைத்து எந்த ஆண்டறிக்கையும் எழுத வேண்டாம்.

எங்கே அனுப்புவது என்பதையும் வேன் வாங்கும் முன்பே பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். உத்திரமேரூர் பக்கம் உள்ளவர்களைச் சென்னைக்கு இழுத்து வரத் தேவையில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. மதுராந்தகம், செய்யூர் பக்கத்துக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. திருத்தணி, கும்மிடிப்பூண்டி பக்கத்து ஆட்கள் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது. டாக்டர் சாந்தா தன் வாழ்க்கை முழுவதையும் கொடுத்து வளர்த்தது. பணம் இல்லை என்பதால் ஒரு பெண் சிகிச்சையை விடக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் அட்டை கையில் இல்லாமல் வருபவர்கள் ஏராளம். வருமானச் சான்றிதழ் வாங்குவது, ரேஷன் கார்டில் பெயர் சரிபார்ப்பது எல்லாம் நோய் உறுதியான பிறகு ஓடி ஓடிச் செய்கிற வேலையாக இருக்கக் கூடாது. வேன் வருகிற அன்றைக்கே பக்கத்தில் ஒரு மேஜை போட்டு அட்டை இல்லாதவர்களைக் கணக்கெடுங்கள்.

இனி, மேமோகிராம் தேவையா என்ற அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். வேனில் வைத்து மேமோகிராம் எடுப்பது பழைய யோசனை. நியூயார்க்கில் 1963-இல் தொடங்கிய முதல் பெரிய ஆய்விலேயே வேன் பயன்பட்டது. ஸ்வீடனில் 1977-இல் தொடங்கிய இரண்டு மாவட்ட ஆய்விலும் நடமாடும் மெஷின்கள் ஊர் ஊராகப் போயின. அங்கே பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் 31 சதவீதம் குறைந்தன என்று 1985-இல் வெளியான முடிவு சொன்னது. அதைப் படித்துவிட்டு நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைப்பது சரியல்ல. அங்கே இந்த நோய் நம்மைவிடப் பல மடங்கு அதிகம், வருவதும் பெரும்பாலும் ஐம்பது, அறுபதுக்கு மேல். நம் பெண்களுக்குச் சுமார் பத்து வருடம் முன்னதாகவே வருகிறது. வயது குறைந்த மார்பகம் அடர்த்தியாக இருக்கும், படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் நாற்பது வயதுக்குக் கீழே, தொந்தரவு எதுவும் இல்லாத பெண்களை வேனில் ஏற்றவே வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு மேமோகிராம் முகாம் நடத்தித் தரச் சொல்லி யாராவது கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

நம் நாட்டில் செய்த ஒரு பெரிய ஆய்வைத்தான் உங்கள் குழு முதலில் பார்க்க வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் வாழும் ஒன்றரை லட்சம் பெண்கள், 35 முதல் 64 வயது வரை. பாதிப் பேருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நான்கு சுற்று, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் மார்பகத்தைத் தொட்டுப் பரிசோதித்தார்கள். மெஷின் கிடையாது, கரன்ட் கிடையாது. இருபது வருடம் தொடர்ந்து பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதிக்கப்பட்ட குழுவில் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள் 37 சதவீதம், மற்றக் குழுவில் 47 சதவீதம். ஐம்பது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே மரணத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த 15 சதவீதக் குறைவும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லக்கூடிய அளவில் இல்லை. ஆனாலும், இவ்வளவு எளிய ஒரு பரிசோதனை இவ்வளவு செய்கிறது என்றால் அதை விட்டுவிட்டு மெஷினை மட்டும் நம்பக் கூடாது.

பெண்கள் தாங்களே தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஷாங்காய் ஆலைகளில் வேலை பார்த்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், அதனால் மட்டும் மரணம் குறையவில்லை என்று தெரிந்தது. தன் உடம்பில் ஒரு மாற்றம் வந்தால் கவனித்து உடனே வருவதற்கு அந்தப் பழக்கம் உதவும், சொல்லிக் கொடுங்கள். அதையே திட்டமாக வைத்துவிடாதீர்கள்.

ஆக, நான் சொல்வது இதுதான். முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்களுக்கும் பயிற்சி பெற்ற நர்ஸ் கைப் பரிசோதனை செய்யட்டும். மத்திய அரசின் வழிகாட்டுதலும் 30 முதல் 65 வயது வரை அதைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2023-இல் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டமும் அந்த வழியில்தான் போகிறது. உங்கள் வேன் அதற்குப் போட்டியாக இருக்கக் கூடாது, துணையாக இருக்க வேண்டும். நர்ஸ் கையில் கட்டி தட்டுப்பட்டவர்கள் முதலில் வேனுக்கு வரட்டும். அவர்களோடு நாற்பது, குறிப்பாக ஐம்பது தாண்டியவர்களுக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள். அதே ஊருக்கு இரண்டு வருடம் கழித்துத் திரும்பிப் போக முடியாது என்றால் ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூன்று மாவட்டம் என்பது ஒரு வேனுக்கு மிக அதிகம். ஒரு பெண்ணுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், ஒரு நாளில் முப்பது நாற்பது பேருக்கு மேல் நிதானமாகப் பார்க்க முடியாது. ஒரே ஒரு ஒன்றியத்தை எடுத்துக்கொண்டு முழுசாகச் செய்யுங்கள்.

வண்டியைப் பற்றி. டிஜிட்டல் மெஷின் மட்டும் வாங்குங்கள். பழைய மெஷின் சும்மா தருகிறோம் என்று வருவதை ஏற்காதீர்கள். நாற்பதுகளில் இருக்கும் நம் பெண்களின் அடர்த்தியான மார்பகத்துக்கு டிஜிட்டல் படம்தான் நன்றாகத் தெரியும். படம் பதிக்கும் டிடெக்டரில் சில வகைகள் சூட்டைத் தாங்காது. கத்திரி வெயிலில் வெட்டவெளியில் ஏசி இல்லாமல் நிறுத்திய வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி நிறுத்தும் இடத்திலும் கரன்ட் வேண்டும். குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கி வந்த மெஷினில், அன்றைய முதல் பெண்ணுக்கு முன் சோதனைப் படம் ஒன்று எடுத்துச் சரிபார்க்க வேண்டும், தினமும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் எக்ஸ்ரே வேனை இயக்க முடியாது. மருத்துவமனை ஒன்றின் பெயரில் அதை வாங்குவதுதான் சுலபம். நண்பர்கள் குழுவாக நீங்களே வேன் நடத்த முயல வேண்டாம்.

அல்ட்ராசவுண்ட் மெஷினையும் வேனில் வைத்துவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் இங்கே குறுக்கே வரும். நடமாடும் அல்ட்ராசவுண்ட் மெஷினை, பல மருத்துவச் சேவைகளும் தரும் ஒரு நடமாடும் மருத்துவ ஊர்தியின் பகுதியாகப் பதிவு செய்துதான் பயன்படுத்தலாம். மார்பகத்துக்கு மட்டும் என்று ஓடும் வேனுக்கு அது சிக்கல். இதற்கு நான் சொல்லும் வழி இன்னொரு விதத்திலும் நல்லது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்துப் ‘பெண்கள் நல ஊர்தி’ என்று ஓடவிடுங்கள். ‘மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை’ என்று பெரிய எழுத்தில், பிங்க் ரிப்பனோடு எழுதிய வண்டியில் ஒரு பெண் ஏறி இறங்கினால் அன்று மாலைக்குள் தெரு முழுக்கப் பேச்சு. கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் அம்மா ஏறவே மாட்டார். சர்க்கரை பார்க்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு வாய்ப்பு வேண்டும். வருபவர்களைப் புகைப்படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பது அறவே கூடாது.

வேனை டீக்கடை எதிரில் நிறுத்தாதீர்கள். துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி, பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் என்று ஆண்கள் கும்பலாக உட்காராத இடம் பாருங்கள். உள்ளே டிரைவர் உட்பட ஆண் யாரும் இருக்கக் கூடாது. படம் எடுக்கும் ரேடியோகிராபர் பெண்ணாகவே இருக்க வேண்டும், இதில் சமரசமே வேண்டாம். முன்பக்கம் திறக்கும் சுத்தமான அங்கி, உட்கார்ந்து மாற்ற ஒரு திரை. குளித்துவிட்டுப் பவுடர் போட்டு வருவார்கள். அது படத்தில் சின்னச் சின்ன சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரிந்து நோய் என்ற சந்தேகத்தைக் கிளப்பும், ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தாலியைக் கழற்றச் சொன்னால் பல பெண்கள் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். கழற்றத் தேவையே இல்லை. முதுகுப் பக்கம் தள்ளி விட்டால் படத்தில் விழாது. மார்பகத்தை அழுத்திப் பிடிக்கும்போது சில நொடி வலிக்கும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் அடுத்த பெண் வர மாட்டார். எக்ஸ்ரேயைப் பற்றிக் கேட்டால், இயற்கையாக ஓரிரு மாதத்தில் நம் உடம்பில் படும் கதிர்வீச்சின் அளவுதான் என்று சொல்லலாம்.

காலமும் நேரமும். அக்டோபர் மாதம் முழுக்க மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு என்று சென்னையில் ஓட்டமும் விளக்கு அலங்காரமும் நடக்கும். நம் வட மாவட்டக் கிராமங்களுக்கு அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம், தீபாவளி நேரம். வேனை அப்போது தொடங்காதீர்கள். பொங்கலும் அறுவடையும் முடிந்து மாசி, பங்குனியில் தொடங்குங்கள். சித்திரை கடைசியில் நிறுத்துங்கள். ஆடியில் மறுபடி போகலாம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வர முடியாது, சாயங்காலம் நான்கிலிருந்து ஏழு வரை வைத்தால் கூட்டம் வரும். பழவேற்காட்டில் மீன் விற்கும் பெண்களுக்கு மத்தியானம்தான் ஓய்வு. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் தங்கி வேலை செய்யும் இருளர் பெண்கள் எந்த முகாமுக்கும் வருவதில்லை. அவர்களிடம் நீங்கள்தான் போக வேண்டும், முதலாளியிடம் பேசி, கூலி பிடிக்காமல். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்கள் மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார், யார் எப்போது வீட்டில் இருப்பார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அவர்களைக் கேட்காமல் நாள் குறிக்காதீர்கள்.

படத்தை யார் படிப்பது? வேனில் ரேடியாலஜிஸ்ட் (படம் படிக்கும் டாக்டர்) உட்கார்ந்திருக்கத் தேவையில்லை, படத்தைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கலாம். ஆனால் மேமோகிராமையே தொடர்ந்து படிக்கும் ஒருவர் வேண்டும், முடிந்தால் இருவர் தனித்தனியாக. செயற்கை நுண்ணறிவு இதில் உதவுகிறது. ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வில் டாக்டர்களின் படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. அங்கேயும் கடைசி முடிவை டாக்டர்தான் எடுத்தார். இன்னொன்று, உடம்புச் சூட்டைப் படம் பிடித்துப் புற்றுநோய் கண்டுபிடிக்கிறோம், தொடவே வேண்டாம், மெஷினும் சின்னது என்று உங்களிடம் விற்க வருவார்கள். வெப்பப் படம் மேமோகிராமுக்கு மாற்று ஆகாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. கூச்சப்படும் பெண்களுக்கு வசதி என்பது உண்மைதான். ஆனால் ‘ஒன்றுமில்லை’ என்ற தவறான நிம்மதியோடு ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது பரிசோதிக்காமல் விடுவதைவிட மோசம்.

ஆரம்பிக்கும்போது, உத்திரமேரூர் வட்டார அரசு மருத்துவ அலுவலரை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கைப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, மேல்பரிசோதனைக்குப் போகாமல் நிற்கிற பெண்கள் அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலில் உள்ளவர்களைக் காரப்பேட்டைக்குக் கூட்டிப் போக நான் முதலில் சொன்ன பெண் ஒருவரும் ஒரு வாடகைக் காரும் போதும். வேனுக்கான அனுமதியும் டெண்டரும் முடிய ஒரு வருடம் ஆகலாம், இந்த வேலையை அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் நண்பருக்கு அக்காவோ தங்கையோ இருந்தால், அம்மாவுக்கு எந்த வயதில் நோய் தெரிந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பிருந்தே அவர்கள் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். முப்பதுக்கு முன் மேமோகிராம் வேண்டாம். அம்மாவுக்கு ஐம்பதுக்குள் வந்திருந்தாலோ, சித்தி, பெரியம்மா, பாட்டி யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்தாலோ மரபணு ஆலோசனைக்குப் போகச் சொல்லுங்கள். உங்கள் நண்பரும் போக வேண்டும். குடும்பத்தில் இந்த நோயைக் கொண்டுவரும் மரபணு மாற்றம் ஆண்களுக்கும் வரும், அவர்கள் மூலம் மகள்களுக்கும் போகும்.